முதியோரைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?

2024 ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பின் முடிவுகள் வெளிவந்தபோது நாட்டில் பெரும்பாலானோர் முதலில் தேடிப் பார்த்தது ஓர் அட்டவணையைத்தான். எந்த இனத்தவரின் விகிதாசாரம் கூடியிருக்கிறது, எந்த இனத்தவரின் விகிதாசாரம் குறைந்திருக்கிறது, அதனால் எந்த மாவட்டத்தில் யாருக்கு ஆசனம் குறையும் என்பனவே அரசியல் மேடைகளில் பேசுபொருளாகின. இந்த நாட்டின் கடந்தகாலத்தை அறிந்தவர்கள் இதில் ஆச்சரியப்படுவதற்கு எதுவுமில்லை. ஆனால், அதே முடிவுகளில் எல்லா இனத்தவருக்கும் பொதுவான இன்னோர் அட்டவணையும் இருந்தது. அதைப் பற்றி விவாதிக்க எவரும் அவ்வளவாக முன்வரவில்லை.

2012 இல் எமது சனத்தொகையில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024 இல் அவர்கள் 12.6 சதவீதம். இதே காலப்பகுதியில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பங்கு 25.2 சதவீதத்திலிருந்து 20.7 சதவீதமாக வீழ்ந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இரட்டிப்பாவதற்குப் பிரான்ஸுக்கு 115 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஜப்பானுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் போதுமாக இருந்ததைக் கண்டு உலகம் வியந்தது. இலங்கை ஜப்பானையும் விஞ்சும் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அந்த நாடுகள் செல்வம் சேர்த்துவிட்டு மூப்படைந்தன. நாமோ 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்துவிட்டு மூப்படைகின்றோம்.

மூப்படைதல் தன்னளவில் ஒரு தீமையல்ல. 1946 இல் இந்த நாட்டில் பிறந்த ஒரு குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 43 ஆண்டுகள் மட்டுமே. அன்று பெண்களின் ஆயுள் ஆண்களின் ஆயுளைவிடக் குறைவாக இருந்ததென்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். பேறுகாலமே அதற்குப் பிரதான காரணம். மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், கிராமம்தோறும் சென்ற குடும்பநல மருத்துவ மாது, 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி ஆகியன சேர்ந்து இந்நிலையைத் தலைகீழாக மாற்றின. பெண்கள் படித்தனர், காலந்தாழ்த்தித் திருமணம் செய்தனர், குறைவான பிள்ளைகளைப் பெற்று, பெற்றவர்களை நன்கு வளர்த்தனர். இன்று பெண்களே ஆண்களைவிடச் சில ஆண்டுகள் அதிகமாக வாழ்கின்றனர். இவையெல்லாம் பெருமைப்பட வேண்டிய சாதனைகளே.

கவலைக்குரியது அண்மைக்கால வீழ்ச்சியே. 2019 இல் நாட்டில் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதிவாகின. 2024 இல் அது 2 இலட்சத்து 20 ஆயிரமளவுக்குக் குறைந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததைக் குடும்பத் திட்டமிடலின் வெற்றியென்று எவரும் கூறிவிட முடியாது. திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்களும், இரண்டாவது பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்தவர்களும், பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையம் சென்றவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். 2022 இலும் 2024 இலும் ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றுள்ளனர். முதியோரின் எண்ணிக்கை பெருகுகின்ற அதே வேளையில், அவர்களுக்குச் சோறு போட வேண்டிய கைகள் நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றன.

"கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழி உண்டு. அரச உத்தியோக மோகத்தைக் கேலி செய்வதற்காக இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். உண்மையில் இது மோகம் மட்டுமல்ல, கணக்குத் தெரிந்தவர்களின் பேச்சு. இந்த நாட்டில் உயிருள்ளவரை மாதந்தோறும் பணம் வருமென்ற உத்தரவாதம் அரச ஊழியருக்கு மாத்திரமே உண்டு. அவர் இறந்த பின்னர் அவரது வாழ்க்கைத்துணைக்கும் அது கிடைக்கும். அவ்வாறு ஓய்வூதியம் பெறுவோர் சுமார் 7 இலட்சம் பேர்.

தனியார்துறை ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் ஊழியர் சேமலாப நிதி கிடைத்தது. அது ஓய்வூதியமல்ல. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் மொத்தமாகக் கையில் கொடுக்கப்படும் ஒரு தொகை. மகளின் திருமணத்திலோ, வீட்டுக் கூரையிலோ, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவரின் கையிலோ அது ஓரிரு ஆண்டுகளுக்குள் கரைந்துவிடும். எஞ்சிய இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு என்ன செய்வது? இந்தக் குறையைத் தீர்ப்பதாகக் கூறி 2011 இல் அன்றைய அரசாங்கம் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தது. தமது சேமிப்பில் அரசாங்கம் கைவைக்கிறதென அஞ்சிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினர். பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. அதன் பின்னர் தனியார்துறை ஓய்வூதியமென்ற விடயத்தைத் தொடுவதற்கே அரசியல்வாதிகள் தயங்குகின்றனர். தொழிலாளர்களின் அச்சம் ஆதாரமற்றதென்றும் கூற முடியாது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது அரசாங்கம் கைவைத்தது அதே சேமலாப நிதியிலேயே.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வெளியே நிற்பவர்களே எமது வாசகர்களில் பெரும்பாலானோர். வன்னியில் நெல் விதைப்பவர், மன்னாரிலும் வாகரையிலும் வலை இழுப்பவர், கல்முனையில் சிறுகடை வைத்திருப்பவர், தையல்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுநர், கொழும்பில் நாட்கூலி மூட்டை தூக்குபவர் என இப்பட்டியல் நீளும். நாட்டின் தொழில்புரிவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாரா துறையில் உள்ளனர். விவசாயிகளுக்காக 1987 இலும் மீனவர்களுக்காக 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டன. விவசாயிகளின் நிதி ஒரு கட்டத்தில் வற்றிப்போய்க் கொடுப்பனவுகள் தடைப்பட, திறைசேரியே கைகொடுக்க வேண்டியதாயிற்று. பெண்களின் நிலை இன்னும் மோசமானது. உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே ஊதியத்துக்கு வேலை செய்கின்றனர். ஏனையோர் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தும் ஒரு சதமும் சேமலாபமாகப் பெறாதவர்கள். ஆயுள் அதிகம் அவர்களுக்கே என்பதால், தனித்து எஞ்சி நிற்பவர்களும் அவர்களே.

இத்தகையோருக்கு ஓய்வூதியமாக இருந்தவர்கள் பிள்ளைகள். வடக்கிலும் கிழக்கிலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், சொத்துக் கைமாறும் முறையே இந்த நம்பிக்கையின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் மகளுக்குத் திருமணமாகும்போது பெற்றோர் வாழ்ந்த வீடே சீதனமாகச் செல்கிறது. பெற்றோர் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சிறு அறைக்கோ குடிலுக்கோ ஒதுங்கிக்கொள்கின்றனர். மட்டக்களப்புத் தமிழருக்கும் காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. மகள் அங்கேயே இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே இயங்கியது. அவள் குடும்பத்துடன் கட்டாருக்கோ கனடாவுக்கோ சென்ற பின்னர், வீடு பூட்டப்பட்டோ வாடகைக்கு விடப்பட்டோ இருக்க, அதைக் கட்டியவர்கள் பின்னறையில் இருக்கின்றனர். உறுதி எழுதும்போது சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்ளுமாறு நொத்தாரிசுமார் ஆலோசனை கூறினாலும், சம்பந்திவீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு அதைத் தவிர்ப்பவர்கள் பலர்.

சட்டத்தில் பரிகாரம் இல்லாமலில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு பெறவும் வழியுண்டு. பாரதூரமான நன்றியின்மையைக் காரணங்காட்டி நன்கொடை உறுதியை நீதிமன்றின் மூலம் இரத்துச் செய்வதற்கு 2017 இல் தனியான சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் எமது சமூகங்களில் எந்தத் தாய் தன் மகன் மீது சபையில் முறைப்பாடு எழுதிக் கொடுப்பாள்? அயலவர் கேட்டால்கூட "பிள்ளை மாதாமாதம் அனுப்புகிறான்" என்று கூறி, அவன் மானத்தைக் காப்பவள் அவள். அவள் எழுதிக் கொடுத்தாலும், ரொறன்ரோவிலோ டோஹாவிலோ இருப்பவரிடம் கொழும்பிலுள்ள சபையின் உத்தரவை நிறைவேற்றுவது எங்ஙனம்? முதியோரின் பொறுப்பைக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு அரசு தன் கைகளைக் கழுவிக்கொண்டதன் சட்டவடிவமாகவே இது பெரும்பாலும் இருக்கிறது.

அந்தக் குடும்பமே சிதறிப்போனவர்களின் கதை வேறு. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின், இன்றைய எல்லைகளின்படியான, சனத்தொகை 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரம். நாற்பதாண்டுகளுக்கும் மேலாகியும் பழைய எண்ணிக்கையை எட்டாத மாவட்டம் அது. போனவர்கள் இளையோர், இருப்பவர்கள் முதியோர். ஐந்து பிள்ளைகள் ஐந்து நாடுகளில் இருக்க, காணொளி அழைப்பில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அதிகாலையில் தனியாகப் பஸ் ஏறும் முதியவர்கள் தீபகற்பத்தில் ஏராளம். அவர்களிடம் பணம் இருக்கக்கூடும். இரவில் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை.

பணமுமில்லை, ஆளுமில்லை என்றிருப்பவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர் விடை காணாமலேயே இறந்துவிட்டனர். நீதி கோரும் அந்தப் போராட்டத்துக்கு உள்ளே முதுமையின் பிரச்சினையொன்றும் இருப்பதை நாம் பேசுவதில்லை. தம்மைப் பார்க்க வேண்டிய மகனைத் தேடிக்கொண்டே அவர்கள் மூப்படைந்தார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இவ்வாறே. அன்று 30 வயதில் குடும்பத்துடன் புத்தளம் வந்தவர் இன்று 65 வயதை அடைந்துவிட்டார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலோ முசலியிலோ தன் காணியில் கண்மூட வேண்டுமென்பது அவரது ஆசை. புத்தளத்தில் பிறந்து படித்துத் தொழில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அங்கு திரும்புவதற்குக் காரணமில்லை. தனியே திரும்பினால் பார்க்க ஆளில்லை, திரும்பாவிட்டால் காணி பற்றைக்காடு. மீள்குடியேற்றம் பற்றிய அறிக்கைகள் வீடுகளின் எண்ணிக்கையைக் கூறுகின்றனவேயன்றி இந்த மனிதரின் வயதைக் கூறுவதில்லை.

மலையகத்தில் வயோதிபம் வேறொரு முகம் காட்டுகிறது. வேலை நின்றபின் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது சேமலாப நிதியும் பணிக்கொடையும். குடியிருக்கும் லயன் அறையோ அவருக்குச் சொந்தமல்ல. பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்க, தாய் மத்திய கிழக்குக்குச் சென்ற குடும்பங்களில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர் பாட்டியே. தென்கிழக்கிலும் இதே காட்சிதான். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் இரண்டாவது முறையாகத் தாயாகும் இந்தப் பெண்களை "தங்கிவாழ்வோர்" என்று புள்ளிவிபரம் வகைப்படுத்துகிறது. யார் யாரில் தங்கி வாழ்கிறார்கள் என்பதை அந்த வீடுகளுக்குச் சென்று பார்த்தால் தெரியும்.

இவற்றுக்கு மேலே வந்து விழுந்தது பொருளாதார நெருக்கடி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வங்கியில் வைப்பிலிட்ட பணத்தின் வட்டியில் வாழ்ந்த முதியவரின் சேமிப்பு ஒரே ஆண்டில் பெறுமதி இழந்தது. 60 வயதைக் கடந்தோரின் வைப்புகளுக்கு வழங்கப்பட்ட 15 சதவீத விசேட வட்டியும் அதே ஆண்டு ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. 2025 வரவு செலவுத்திட்டத்தில் சிரேஷ்ட பிரஜைகளுக்கு மேலதிக வட்டி மீண்டும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே வட்டி வருமானத்தின் மீதான பிடித்துவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. வருமானம் குறைந்தவர்கள் விலக்குப் பெறலாம்தான்; அதற்கு அவர்கள் படிவம் நிரப்ப வேண்டும்.

வறிய குடும்பங்களைச் சேர்ந்த 70 வயதைக் கடந்தோருக்கு வழங்கப்படும் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும், அது தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு மட்டுமே. யார் வறியவர் என்பதைத் தீர்மானிக்கும் முறை எத்தனை குளறுபடிகளுக்கு உள்ளாகியது என்பதை 2023 இல் அஸ்வெசும பட்டியல் வெளியானபோது பிரதேச செயலகங்களின் வாசலில் திரண்ட கூட்டம் காட்டியது. கல்வீடு இருக்கிறதே என்று காரணங்கூறிக் கழிக்கப்படும் மூதாட்டியின் அடுப்பு எரிகிறதா என்பதை அந்த மதிப்பெண் முறை பார்ப்பதில்லை.

எமது கருத்தில், வறியவரைத் தேடிப் பிடிக்கும் இந்த வழிமுறையைக் கைவிட்டு, அரச ஓய்வூதியம் பெறாத முதியோர் அனைவருக்கும் அடிப்படை ஓய்வூதியமொன்றை உரிமையாக்குவதே நேரிய வழி. கட்டுப்படியாகாது என்ற பதில் உடனே வரும். கணக்கைப் பார்ப்போம். 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் சுமார் 27 இலட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்கள் அனைவருக்கும் மாதம் 5,000 ரூபா வழங்கினாலும் ஆண்டுச் செலவு சுமார் 165 பில்லியன் ரூபா. ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுவோரைக் கழித்தால் தொகை இன்னும் குறையும். 2024 இல் அரசாங்கத்தின் வருமானம் 4,000 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. சுமார் 7 இலட்சம் அரச ஓய்வூதியர்களுக்காகத் திறைசேரி ஆண்டுதோறும் 300 பில்லியனுக்கும் மேல் செலவிடுகிறது. உழைத்துப் பெற்ற அந்த ஓய்வூதியத்தில் கைவைக்க வேண்டுமென்பதல்ல எமது வாதம். அவர்களுடைய சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நெல் விவசாயியும் தேயிலை பறித்த பெண்ணும் சவர்க்காரத்திலும் மண்ணெண்ணெயிலும் வரி செலுத்தியிருக்கிறார்கள் என்பதே வாதம். எம்மைவிட வறிய நாடான நேபாளம் 1995 இலேயே 75 வயதைக் கடந்த அனைவருக்குமான கொடுப்பனவைத் தொடங்கி, பின்னர் வயதெல்லையைப் படிப்படியாகக் குறைத்தது. நாமும் 75 இல் தொடங்கலாம்.

பணத்தால் மாத்திரம் தீராதது பராமரிப்பு. இங்கேதான் எமது கொள்கையின் விசித்திரம் வெளிப்படுகிறது. ஜப்பானின் முதியோரைப் பராமரிக்க எமது இளைஞர்களை அனுப்புவதற்கு 2019 இல் உடன்பாடு எட்டப்பட்டது. இஸ்ரேலுக்கும் பராமரிப்பாளர்கள் சென்றுகொண்டிருக்கின்றனர். படுக்கையில் கிடப்பவரைப் புண்ணில்லாமல் புரட்டுவது எப்படி, ஞாபகமறதி நோயாளியுடன் பேசுவது எப்படியென்று அவர்களுக்கு இங்கு பயிற்சியும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. அந்தப் பயிற்சியைப் பெற்ற மகள் டோக்கியோவில் அயல்நாட்டு மூதாட்டியைக் குளிப்பாட்டுகையில், வவுனியாவிலோ மூதூரிலோ அவளது தாயைக் குளிப்பாட்டுவது பக்கத்து வீட்டுக்காரியின் இரக்கம். அந்நியச் செலாவணி தேவையில்லை என்று எவரும் கூறவில்லை. ஆனால், இதே தொழிலை இங்கே செய்வதற்கு மதிப்பான சம்பளமோ பதவிப் பெயரோ இல்லை. பிரதேச செயலகம்தோறும் பத்துப் பராமரிப்பாளர்களை நியமித்து வீடு வீடாக அனுப்புவது, ஆண்டுதோறும் நாம் அமைக்கும் வீதிகளோடு ஒப்பிடுகையில் பெரிய செலவல்ல.

இதற்கிடையில், இதை இன எண்ணிக்கைப் போட்டியாக்கும் பேச்சுகளும் ஓயவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தி, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படுவதில் முடிந்தது. கிடைத்தது வெறும் மாவுக்கட்டியென இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. 2019 இல் குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியரொருவர் மீது சுமத்தப்பட்ட கருத்தடைக் குற்றச்சாட்டும் அதே வழியில் வந்ததே. தமிழர் தரப்பிலும் எண்ணிக்கை குறைகிறது, எனவே அதிகம் பெறுங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை கூறும் மேடைகள் உண்டு. இன்று பிறக்கும் குழந்தை உழைக்கத் தொடங்க இருபது ஆண்டுகளாகும். அதுவும் விமானம் ஏறாதிருந்தால்தான். இன்று எழுபது வயதில் இருப்பவருக்கு அந்தக் குழந்தை எவ்வகையில் உதவும்?

ஓய்வுபெறும் வயது குறித்தும் அரசாங்கங்கள் தடுமாறுகின்றன. அரச ஊழியருக்கு 65 என்று அறிவித்து, 2023 ஜனவரி முதல் 60 என்று மாற்றினர். 2021 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார்துறைக்கு 60 ஐ நிர்ணயித்தது. இவற்றில் எதிலும் சனத்தொகைக் கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதியோர் இல்லங்களும் சமூக சேவைகளும் மாகாணசபைகளின் அதிகாரத்துக்குள் வரும் விடயங்கள். கைதடி அரச முதியோர் இல்லம் வட மாகாண நிர்வாகத்தின் கீழேயே இயங்குகிறது. கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017 இலும் வட மாகாணசபையினுடையது 2018 இலும் முடிவடைந்தபின், மக்கள் பிரதிநிதிகளின்றி ஆளுநர்களின் நிர்வாகமே நீண்டது. அதிகாரப் பகிர்வுக்காகக் குரல் கொடுக்கும் கட்சிகள், கையிலிருந்த காலத்தில் முதியோருக்கென மாகாண மட்டத்தில் ஒரு நியதிச் சட்டத்தையாவது சிந்தித்தனவா என்று கேட்பதற்கு வாக்காளருக்கு உரிமையுண்டு.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் ஊர்க் கோயில்களின் இராஜகோபுரங்கள் ஆண்டுக்காண்டு உயர்கின்றன. பள்ளிவாசல்களின் பைத்துல்மால் நிதி நோன்பு காலத்தில் உலர் உணவுப் பொதிகளாகப் பகிரப்படுகிறது. இரண்டையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கோபுர நிழலில் தனியே வாழும் முதியவருக்குக் கோயில் மடத்திலிருந்து மதிய உணவு வீட்டுக்குச் செல்கிறதா, பொதி கொடுத்த வீட்டுக்குப் பெருநாளின் பின்னர் யாராவது ஒரு முறை எட்டிப் பார்த்தார்களா என்று நிர்வாக சபைகள் தமது அடுத்த கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் மாணவர் தொகை குறைந்து மூடப்பட்ட பாடசாலைகள் பல உள்ளன. ஓடும் சுவரும் கிணறும் நல்ல நிலையிலுள்ள கட்டடங்கள் அவற்றில் இருக்கின்றன. பகல்நேரத்தில் முதியவர்கள் கூடியிருக்கவும், ஒரு வேளை உணவு உண்ணவும், வாரமொருமுறை தாதியொருவர் வந்து இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கவும் வேறு கட்டடம் தேட வேண்டியதில்லை. அவற்றின் சாவிகள் வலயக் கல்வி அலுவலகங்களில் இருக்கின்றன. ஒரு கடிதத்தில் மாகாணக் கல்விச் செயலாளர் கையொப்பமிட்டால் அவற்றைத் திறக்கலாம்.